பெயர் அழிந்த எட்டுக் கண்ணாடிகள்

அன்று தொலைபேசியில் நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இரண்டு வசனங்கள். "அண்ணை, உங்கட கண்ணாடியில எழுதின பேர் அழிஞ்சு போச்சு. அது என்ர பிழை." அதற்குப் பதிலாக நான் சொன்னது இது: "எடுத்த சாம்பிள் கொஞ்சமாம், காணாதாம். இன்னொருக்கா ஊசி போட வரவேணும்."

நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. "காணாதெண்டால் வாறன் பிள்ளை. இந்த வயித்தில எடுக்கிறதுக்கு இடமா இல்லை?" என்று சிரித்துவிட்டு வைத்தீர்கள்.

இன்று காலை ஆய்வுகூடத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். தினமும் அதுதான் என் முதல் வேலை. மூன்று பென்சில்களைச் சீவி வெள்ளை மேலங்கியின் பையில் வைத்த பிறகுதான் நுணுக்குக்காட்டியின் உறையை எடுப்பேன். சீவலின் மரவாசமும் பக்கத்துச் சாடியிலிருந்த ஸ்பிரிட்டின் வாசமும் ஒன்றாக ஏறின. யன்னலுக்கு அப்பால் துறைமுகத்தில் ஒரு கோதுமைக் கப்பல் நின்றது. நீங்கள் போய் இன்றோடு ஒரு மாதம். சொல்லாமல் விட்டவற்றை எழுதிவிடலாம் என்று தோன்றியது. பேசுவதைவிட எழுதுவது எனக்கு எப்போதும் இலகு. உங்களுக்கு அது தெரியும்.

உங்களை நான் முதலில் பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது. உப்புவெளியிலிருந்து நகரத்துக்கு வரும் பஸ்ஸில் நீங்கள் கொண்டக்டர். என் அப்பாவைவிட உங்களுக்கு வயது கூட. ஆனாலும் கொண்டக்டர் என்றால் அண்ணை, எங்கள் ஊரில் அதற்கு மறு பேச்சில்லை. நீங்கள் ஒருவரின் பெயரையும் கேட்டதில்லை. இறங்கும் இடம்தான் உங்களுக்குப் பெயர். "மீன் சந்தை இறங்குங்கோ. கச்சேரி ஒபிஸ், கதவுக்குக் கிட்ட வாங்கோ. பெரிய பள்ளிக்கூடம், பையைத் தோளிலயிருந்து கழட்டு ராசா, பின்னால நிக்கிற மனுசனுக்கு மூக்கு வேணும்." எங்கள் நகரத் தெருக்களில் மான்கள் மாடுகள்போலத் திரியும்; பஸ் நிலையத்தில் நிற்கும் மான்கூட உங்களிடம் தப்பியதில்லை. ஒருநாள் வாழைப்பழத் தோலைத் தேடி அது மிதிபலகையில் முன்னங்காலை வைத்தபோது, "ஏறுறதெண்டால் முன்னுக்குப் போ, வாசல்ல நிக்காதை" என்றீர்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. மான் மட்டும் யோசித்துக்கொண்டு நின்றது.

நான் லைபிரரியடி. அதாவது, புதன்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் பின்னேரக் கணக்கு ரியூசனுக்கு இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்குவேன். புதன்கிழமைகளில் ரியூசனுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நூலகத்தில் இறங்கி, மின்விசிறிக்குக் கீழே இருக்கும் கதிரையில் ஒரு கதைப்புத்தகத்தை முடித்துவிட்டு வருவேன். ஒருநாள் அப்பாவும் அதே பஸ்ஸில் ஏறினார். பின் இருக்கையில் இருந்த எனக்குக் கேட்கும்படியாகவே உங்களிடம் கேட்டார்: "இவள் ரியூசனுக்கு ஒழுங்காப் போறவளோ?"

நீங்கள் ரிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னீர்கள்: "இறங்க வேண்டிய இடத்தில ஒவ்வொரு நாளும் இறங்குறா, ஐயா."

அப்பாவுக்குத் திருப்தி. இறங்கும்போது நீங்கள் என்னைப் பார்க்கவும் இல்லை. ஒரு மனிதர் பொய்யும் சொல்லாமல் காட்டியும் கொடுக்காமல் இருக்க முடியும் என்று நான் கண்டது அன்றுதான். அதே வேலையை நான் உங்களுக்குச் செய்ய நேர்ந்தபோது, எனக்கு அதில் பாதிகூட வரவில்லை.

பல வருடங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை, நான் வேலை பார்த்த சிறிய தனியார் மருத்துவமனையின் ஸ்கான் அறையில் கட்டிலில் கிடந்தீர்கள். கண்ணிரண்டும் மஞ்சள். நான் தட்டோடு உள்ளே வந்ததும் தலையைத் தூக்கினீர்கள்.

"லைபிரரியடி!"

"ஓம் அண்ணை."

"டொக்டராயிட்டீங்களோ?"

"இல்லை அண்ணை. ஊசியில வாறதை வாங்கிக் கண்ணாடியில பூசிப் பார்க்கிற ஆள்."

"அப்ப நீங்களும் கொண்டக்டர்தான். ஓட்டுறது அங்கால நிக்கிறவர்," என்று ஸ்கான் டொக்டரைக் காட்டினீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெளியூரிலிருந்து வரும் அவர் அதிகம் பேசாதவர். அவருக்கே சிரிப்பு வந்தது.

உங்கள் கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு சின்னக் கட்டி, நெல்லிக்காயளவு. பித்தப்பையில் கற்களும் இருந்தன. கல்லால் வந்த அழற்சியாக இருக்கலாம் என்று படிவத்தில் எழுதியிருந்தது. ஸ்கானில் பார்த்துக்கொண்டே டொக்டர் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியொன்றைக் கட்டிக்குள் செலுத்துவார். ஊசியில் வருவது ஒரு துளி. அந்தத் துளியை நான் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் இழுத்து, மூச்சு விடுவதற்குள் ஸ்பிரிட் சாடிக்குள் இறக்கவேண்டும். பிந்தினால் துளியிலுள்ள உயிர்க்கலங்கள் காய்ந்து வீங்கிவிடும். வீங்கிய கலத்தைப் பார்த்து நோய் சொல்ல ஏலாது.

அதற்கெல்லாம் முதல் ஒரு வேலை இருக்கிறது. கண்ணாடியின் சொரசொரப்பான ஓரத்தில் நோயாளியின் பெயரைப் பென்சிலால் எழுதவேண்டும். பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் கரையாது. எங்கள் படிப்பில் முதல் கிழமை சொல்லித்தருவது இது. பரீட்சையில்கூடக் கேட்கமாட்டார்கள், அவ்வளவு சின்ன விஷயம்.

உங்கள் முதல் கண்ணாடியில் முதல் எழுத்தை எழுதும்போதே என் பென்சில் முனை முறிந்தது. பென்சில்சீவி மேல்மாடி ஆய்வுகூடத்தில். ஊசி ஏற்கெனவே உங்கள் வயிற்றில். டொக்டர் "ரெடியோ?" என்றார். நீங்கள், ஊசியோடு அசையாமல் கிடந்தபடியே, கட்டில் தலைமாட்டில் தொங்கிய உங்கள் சேட்டின் பையைக் கண்ணால் காட்டினீர்கள்.

"பையில பேனை இருக்கு. எடுங்கோ. முப்பது வருசமா ஒரு ரிக்கெட் செக்கரும் பிழை பிடிக்காத பேனை."

நான் சிரித்துக்கொண்டே எடுத்தேன். தலை உங்கள் பகிடியில் இருந்தது. கை பேனையால் எழுதியது. நான்கு கண்ணாடிகள். உங்களுக்கு அடுத்ததாக, கடற்களப்புக்கு அப்பால் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த ஒரு தாய். அவருக்கும் கணையத்தில்தான் கட்டி, உங்களுடையதைவிடப் பெரியது. ஒரே நாளில் இரண்டு கணையம் எங்கள் சிறிய இடத்துக்கு வருவது அபூர்வம். "பேனையை வச்சிருங்கோ, போகேக்க வாங்குறன்" என்று நீங்கள் பக்கத்து அறையில் போய்ப் படுத்துவிட்டீர்கள். அவருடைய நான்கு கண்ணாடிகளிலும் அதே பேனையால் எழுதினேன். மத்தியானம் நீங்கள் வீட்டுக்குப் போகும்போது நன்றி சொல்லித் திருப்பியும் தந்தேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு எட்டுக் கண்ணாடிகளையும், ஓரங்களைப் பார்க்காமலே, ஒரே சட்டத்தில் அடுக்கிச் சாயத்தில் இறக்கினேன். அது வழமைதான். பெயர் கண்ணாடியிலேயே இருக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துச் சாயமிடலாம். கடைசிச் சாடியிலிருந்து சட்டத்தைத் தூக்கியபோது எட்டு ஓரங்களும் வெள்ளையாக இருந்தன. சாயம் அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது. ஒன்றிலும் பெயர் இல்லை.

கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் வெறும் இரத்தம். நான்கில் கலங்கள் ஒழுங்காக, தேன்வதையின் அறைகள்போல ஒரே அளவில், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் படுத்திருந்தன. இடையிடையே அழற்சிக் கலங்கள். மீதி மூன்றும் அப்படியில்லை. ஒரே கூட்டத்துக்குள் ஒரு கலத்தின் கரு பக்கத்துக் கருவைவிட நான்கு மடங்கு பெரியது. ஓரங்கள் மடிந்து, நெளிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அது புற்றுநோய். எனக்கு அதில் சந்தேகமிருக்கவில்லை. யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளர் இரண்டு படிவங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்தத் தாயின் படிவத்தில் பெரிய கட்டி, மெலிவு, நோவு, "புற்றுநோயோ?" என்ற கேள்வி. உங்களுடையதில் கல், அழற்சி.

"இதில என்ன பிள்ளை யோசினை? மூண்டையும் அவவின்ர பேரில எழுதும். ஒழுங்கா இருக்கிற நாலும் கொண்டக்டருக்கு. ஒருத்தருக்கும் தெரியாது."

"அதுதான் பிரச்சினை, சேர். எனக்கும் தெரியாது."

"உம்மட வேலை போகும். அதாவது தெரியுமோ?"

நன்றாகச் சீவிய பென்சிலொன்றை அவரே நீட்டினார். அண்ணை, நான் அதை வாங்கினேன். மறைக்கமாட்டேன். ஒரு கண்ணாடியின் ஓரத்துக்குக் கொண்டுபோய் முனையை வைத்தும் விட்டேன். அவர் சொன்னது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று எனக்கும் பட்டது. என்னை நிறுத்தியது நேர்மை என்று சொல்ல எனக்கு ஆசை. உண்மையில் என்னை நிறுத்தியது வேறு. அந்த மூன்றும் உங்களுடையவையாக இருக்கக்கூடாது என்று நான் மிகவும் விரும்பினேன். அவ்வளவு விரும்புகிற கை எழுதும் பெயரை யார் நம்புவது? பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போனேன்.

எங்கள் நோயியல் டொக்டர் மூதூர்ப் பெண். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். கோபிக்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. எட்டையும் பார்த்து முடித்து, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வடிவாப் பூசியிருக்கிறீங்க மகள். சாயமும் நல்லம். ஆர்ரதெண்டுதான் தெரியல்ல."

"படிவத்தைப் பார்த்தால் அந்த அம்மான்ர எண்டு எங்கட பொறுப்புச் சேர் சொல்லுறார்."

"படிவத்தப் பாத்துப் பேர் வைக்கிறெண்டா நமக்கு ஊசி எதுக்கு? மத்தது, நோவில்லாமக் கண் மஞ்சளாகிச் செங்கமாரி வந்தா நான் ஒருநாளும் நம்புறல்ல. கொண்டக்டருக்கு நோவு இருக்கா?"

"இல்லை டொக்டர்."

"அப்ப ரெண்டு பேரையும் கூப்புடுங்க. ஸ்கான் டொக்டர்கிட்ட நான் கதைக்கிறன், புதன்கிழமை வருவார். மகள், உண்மையச் செல்லிக் கூப்புடுங்க."

முதலில் குறிஞ்சாக்கேணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தத் தாயின் கணவர் எடுத்தார். உண்மையைச் சொன்னேன். "எங்கட மனுசிர வயித்திலயா நீங்க ஊசி குத்திப் பழகுற?" என்று தொடங்கி அவர் ஏசியதை நான் இங்கே எழுதவில்லை. அவர் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. ஏசி முடித்து, "புதன்கிழமை எத்தின மணிக்கு?" என்று கேட்டார். இருந்த துணிவு முழுவதும் அந்த ஒரு அழைப்பில் செலவாகிவிட்டது. அடுத்ததாக உங்கள் இலக்கத்தை அழுத்தினேன். அங்கேதான் அந்த இரண்டு வசனங்களை விழுங்கினேன். உங்கள் பேனை என்று சொன்னால் நீங்கள் வருந்துவீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்களும் ஏசுவீர்களோ என்ற பயம் அதைவிடப் பெரியது.

புதன்கிழமை வந்தீர்கள். நான் எட்டுக் கண்ணாடிகளிலும் முன்னமே பென்சிலால் பெயர் எழுதி வைத்திருந்தேன். கையில் வேறு இரண்டு பென்சில்கள். கட்டிலில் ஏறிப் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இண்டைக்குப் பென்சிலோ?"

"ஓம் அண்ணை."

"பேனை வேண்டாமோ? கொண்டந்தனான்."

"வேண்டாம் அண்ணை."

பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல ஒரு கதை சொன்னீர்கள்.

"ஒருக்கா மாரி மழையில என்ர தாள் முழுக்க நனைஞ்சு போச்சு பிள்ளை. ஆர் எங்க ஏறினது, எங்க இறங்கிறது, எல்லாம் பேனையால எழுதினது. ஒண்டும் இல்லை, நீலத் தண்ணிதான். நிலாவெளியில பஸ்ஸை நிப்பாட்டி, முன் சீற்றில இருந்து ஒவ்வொருத்தரையாத் திரும்பக் கேட்டு எழுதினனான். ஒருத்தரும் கோவிக்கேல்லை. கேளாமல் நானா எழுதியிருந்தால்தான் கோவிச்சிருப்பினம்."

ஸ்கான் டொக்டர் "மூச்சைப் பிடியுங்கோ" என்றார். ஊசி இறங்கியது. நான் துளிக்காகக் கண்ணாடியை நீட்டினேன். பயத்தில் கதைக்கிறார் பாவம், என்று மட்டும் நினைத்தேன்.

அன்று பின்னேரம் டொக்டர் என்னை இரண்டு பேர் சேர்ந்து பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டிக்கு அழைத்தார். எதிரெதிரே இருந்தோம். முதலில் அந்தத் தாயின் கண்ணாடிகள்: நான்கும் ஒழுங்கான தேன்வதை, சுற்றிவர அழற்சி. டொக்டர் நான்கையும் இரண்டு தரம் பார்த்தார். "ஒண்டுமில்ல. அல்ஹம்துலில்லாஹ்." பிறகு உங்களுடையது. அந்த நெரிசல் கண்ணுக்குள் வந்ததும் நான் கையை நீட்டிக் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், என் கையெழுத்தில், உங்கள் பெயர் அப்படியே இருந்தது.

"இதுதான் மகள்," என்றார் டொக்டர். "சின்னன். நேரத்தோட பிடிச்சிட்டம். இப்ப வெட்டலாம்."

எனக்கு அப்போது வந்த உணர்ச்சியை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. கண் நிறைந்தது. அதில் துக்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக, வெட்கப்படும் அளவுக்குப் பெரிதாக, சந்தோஷம் இருந்தது. சனிக்கிழமை அந்தப் பென்சில் இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்திருந்தால், புற்றுநோயில்லாத ஒரு தாய் சாவுச் செய்தியோடு களப்பைக் கடந்து வீட்டுக்குப் போயிருப்பார். நீங்கள் கல்லுக்கு மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பீர்கள். அது உங்களுக்குள் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும். இப்போது அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஒளிந்திருந்த இடத்தில், தப்பி ஓட முதல், பெயரோடு பிடித்துவிட்டோம். மேசைக்குக் கீழே என் இரண்டு கால்களும் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. டொக்டர் கண்டார். தன் தேத்தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

செய்தியை உங்களுக்குச் சொன்னது டொக்டர். அவரின் அறையிலிருந்து வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல், ஆய்வுகூடக் கதவடியில் வந்து நின்றீர்கள். முகம் சாம்பலாக இருந்தது. ஆனாலும் சொன்னீர்கள்: "ரெண்டாந்தரம்தான் பிடிபட்டதாம். நல்ல காலம் பிள்ளை, முதல் சாம்பிள் காணாமல் போனது."

அதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய இரண்டாவது சந்தர்ப்பம். நான் "போயிட்டு வாங்கோ அண்ணை" என்றேன்.

கண்டியில் ஒரு நாள் முழுக்க சத்திரசிகிச்சை. கணையத்தின் தலை, பித்தப்பை, குடலில் ஒரு துண்டு, எல்லாம் எடுத்தார்கள். மருந்தேற்றலும் முடிந்து நீங்கள் திரும்பி வந்தபோது பாதி ஆளாகியிருந்தீர்கள். தொந்தி இருந்த இடத்தில் சேட் காற்றில் ஆடியது. ஓடும் பஸ்ஸில் நிற்க ஏலாது என்பதால் பஸ் நிலையத்தில் பஸ்களுக்கு நேரம் குறிக்கும் டைம் கீப்பராகக் கதிரையும் விசிலும் தந்தார்கள். அதற்குப் பிறகு உங்கள் சத்தம் ஒரு பஸ்ஸுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நகரம் முழுவதையும் நீங்களே ஏற்றி இறக்குவதுபோல இருந்தது.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருநாள் கேட்டீர்கள்.

"பிள்ளை, நீங்கள் அதைக் கண்ணால கண்டனீங்கள்தானே. எப்பிடி இருந்தது?"

எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். "நல்ல கலமெண்டால் அண்ணை, ஆளுக்கொரு சீற்றில, அளவா இருக்கும். இது ஒண்டின்மேல ஒண்டு ஏறி, ஒராள் நாலு பேரின்ர இடத்தைப் பிடிச்சுக்கொண்டு..."

"காலை ஏழரை பஸ்!"

"ஓம். ஏழரை பஸ்தான்."

"முன்னுக்குப் போங்கோ எண்டால் கேளாதுகள். ரிக்கெட்டும் எடுக்காதுகள்," என்று கையைத் தட்டினீர்கள். "அப்ப எல்லாத்தையும் கண்டியில இறக்கி விட்டாச்சு." பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். இப்படி ஒரு நோயைப் பற்றி இரண்டு பேர் பஸ் நிலையத்தில் நின்று சிரிப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்?

ஒவ்வொரு வருடமும் ஸ்கான் முடிந்து வரும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே விசிலை இரண்டு தரம் ஊதுவீர்கள். இரண்டு தரம் என்றால் ஒன்றுமில்லை. பஸ் சாரதிகள் எந்த பஸ்ஸை எடுக்கச் சொல்கிறார் என்று குழம்பி ஏசுவார்கள். ஒவ்வொரு சோற்றுப் பொதிக்கும் முன்னால் விழுங்கவேண்டிய குளிசையை எல்லாருக்கும் காட்டி, "என்ர கணையம் இப்ப போத்தலுக்குள்ள" என்பீர்கள். மகளுக்குக் கலியாணம் செய்து வைத்தீர்கள். பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு மானுக்குப் பழத்தோல் கொடுக்க வந்தீர்கள். உங்களை மாதிரியே அவனும் மானை ஏசினான்.

ஒரு பின்னேரம் நடந்ததை உங்களிடம் சொல்ல எனக்கு உரிமையில்லாமல் இருந்தது. இப்போதும் பெயர் சொல்லமாட்டேன். கிண்ணியாவிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினார். கையில் பெரிய துணிப்பை, முகத்தில் சதை பிடித்து, நல்ல ஆரோக்கியம். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அவர் நேரே உங்களிடம் வந்து நிலாவெளி பஸ் எது என்று கேட்டார்.

"நிலாவெளி அந்தப் பச்சை பஸ். ஓடாதேங்கோ, நான் விசில் ஊதாமல் அவன் எடுக்கமாட்டான்," என்றீர்கள்.

"அவன் எடுத்திட்டா?"

"எடுத்தால் உங்களை நானே தோளில தூக்கிக்கொண்டு போய் விடுறன்."

"இந்த ஒடம்போடயா?" என்று அவர் சிரித்தார்.

நீங்களும் சிரித்தீர்கள். ஒரே சட்டத்தில், பெயரில்லாமல், பக்கத்தில் பக்கத்தில் ஒருமுறை தொங்கிய இரண்டு பேர். ஒருவரையொருவர் தெரியாமல் வெயிலில் நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடத்தைப் பார்த்த ஒரே ஆள் நான். எத்தனையோ புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் அழுதிருக்கிறேன். அதுபோல ஒரு பக்கத்தை நான் வாசித்ததில்லை. என் பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிட்டேன்.

போன மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கதிரையில் சாய்ந்தபடி உங்கள் இதயம் நின்றது. செய்தி கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். முற்றத்துப் பந்தலின் கீழ் சாரதிகளும் கொண்டக்டர்களும் நிறைந்திருந்தார்கள். உங்கள் மனைவி என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அலுமாரிக் கைபிடியில் உங்கள் கடைசிச் சேட் தொங்கியது. பையில் விசிலும் ஒரு பென்சிலும்.

"அந்தக் கணைய வருத்தத்துக்குப் பிறகு இந்த மனுசன் பேனை தொடேல்லை பிள்ளை," என்றார். "முப்பது வருசம் பேனை வச்சிருந்த ஆள். 'பென்சில் எழுதுமோ?' எண்டு டிப்போவில எல்லாரும் பகிடி பண்ணுவினம். ஏனெண்டு கேட்டால் சொல்லமாட்டார். 'அது என்ர விசயமில்லை, இன்னொராளின்ர விசயம்' எண்டுவார். உங்களுக்கு ஏதாவது தெரியுமோ?"

நிலாவெளியில் நிறுத்திய பஸ் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊசிக்கு மூச்சைப் பிடிக்க முதல், கூரையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் எனக்குச் சொன்னது என்ன என்பதும் விளங்கியது. எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்காத மன்னிப்பை அன்றே தந்துவிட்டு, நான் இறங்கவேண்டிய இடத்தில் நானாக இறங்கட்டும் என்று ஏழு வருடம் காத்திருந்திருக்கிறீர்கள்.

இந்த முறை நான் பிந்தவில்லை. அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று உங்கள் மனைவிக்கு முழுவதையும் சொன்னேன், முறிந்த பென்சிலிலிருந்து தொலைபேசிப் பொய் வரை. அவர் கேட்டு முடித்து என்னைப் பார்த்தார். அழுத முகத்தோடு சிரிப்பு வந்துவிட்டது. "பேனையைக் குடுத்து வேலையைக் கெடுத்தது இவர். இதைச் சொன்னால் நான் ஏசுவன் எண்டுதான் வாயைத் திறக்கேல்லை, கள்ளன்," என்றார். பிறகு அந்தப் பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார்.

பாதிக்கு மேல் சீவப்பட்ட, பின்முனையில் பல் பதிந்த பென்சில். என் மேலங்கிப் பையில் இருக்கும் மூன்றில் ஒன்று இப்போது அதுதான். கண்ணாடியில் பெயர் எழுத அதைத்தான் முதலில் எடுக்கிறேன். எழுதியதும் நோயாளியிடம் வாசித்துக் காட்டி, "உங்கட பேர் சரியோ?" என்று கேட்கிறேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு நீங்கள் ஏழு வருடமும் நான்கு மாதமும் இருந்தீர்கள். கடைசி ஸ்கானில் ஒன்றும் இருக்கவில்லை.